கொய்னா மரம் தேடிப் போனவர்



போன மாதம் நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றுலா விளம்பரம் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தென்னமெரிக்காவில் பெரு நாட்டுப் பயணம். நம் அளவுக்குத் தைத்துத் தரும் சட்டை மாதிரி, எத்தனை நாள், எந்த ஊர், என்ன சாப்பாடு என்று நாம் சொல்லச் சொல்ல ஏற்பாடு செய்து தருவார்களாம். குஸ்கோ நகரில் பழைய மடாலயத்தில் தங்கல், மூச்சு முட்டாமல் இருக்க அறைக்குள் பிராணவாயு, மச்சு பிச்சுவுக்கு சொகுசு ரயில், கடைசியில் தாம்போபாத்தா மழைக்காட்டுக்குள் ஆற்றங்கரை விடுதி. மச்சு பிச்சுவை நம் ஊர் அச்சகத்துக் காலண்டரில் பார்த்தே எனக்குப் பழக்கம். ஆசையோடு கீழே வரை படித்தேன். ஒரு ஆளுக்கு ஆகும் தொகை வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். வங்கியில் குமாஸ்தாவாகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பணிக்கொடையில் பாதி போய்விடும்.

ஆனால் தாம்போபாத்தா என்ற பெயர் மட்டும் மனதில் நின்றுவிட்டது. அந்தப் பெயரை எங்கோ படித்திருக்கிறேனே என்று யோசித்து, பழைய புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரை. இதே வழியில், இன்கா மலைகளைத் தாண்டி அதே ஆற்றின் மேல்பகுதிக் காட்டுக்குள், 1860-ல் ஒரு ஆங்கிலேயர் போனார். அவர் போனது ஒரு மரத்துக்காக. அந்த மரத்தின் பட்டை நம் வீடுகளுக்குள்ளும் வந்தது. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கொய்னா என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். எங்கள் ஆச்சிக்குக் கசப்பு என்றாலே கொய்னாதான். வேப்பங்காய் எல்லாம் அவளுக்கு ஒரு கசப்பே இல்லை.

அந்த ஆங்கிலேயர் பெயர் கிளமென்ட்ஸ் மார்க்கம். 1830 ஜூலை 20-ல் யார்க்ஷயரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். பதினான்கு வயது நிறைவதற்கு முன்பே கடற்படையில் சேர்த்துவிட்டார்கள். முதல் கப்பலே அவரைப் பசிபிக் கரைக்குக் கொண்டு போனது. சிலி, பெரு துறைமுகங்களைப் பார்த்தார், ஸ்பானிய மொழி கற்றார். இன்கா மன்னர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் மனம் கப்பலில் நிற்கவில்லை. மாலுமிகளைச் சாட்டையால் அடிக்கும் வழக்கமும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1851 கடைசியில் கடற்படையை விட்டு விலகி, அப்பாவிடம் 500 பவுண்டு வாங்கிக்கொண்டு பெருவுக்குக் கிளம்பினார். போகும் வழியில் அமெரிக்காவில் இறங்கி, பெருவின் வரலாற்றை எழுதிய பிரெஸ்காட்டைச் சந்தித்துப் பேசிவிட்டுத்தான் போனார். வயது 22. பையனுக்கு இருந்த தைரியத்தைப் பாருங்கள்.

1853 மார்ச்சில் குஸ்கோவுக்குள் நுழைந்தார். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இன்கா பேரரசின் தலைநகர். 1533-ல் அவர்கள் மன்னர் அதவால்பாவை ஸ்பானியர்கள் கொன்றார்கள். குஸ்கோவின் பொன் தகடு வேய்ந்த சூரியன் கோயிலும் அவர்கள் கைக்குப் போய், அதன் சுவர்மேலேயே மடாலயம் எழும்பியது. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லோடு கல் கவ்வி நிற்கும் அந்தச் சுவர்களை மார்க்கம் வாரக்கணக்கில் அளந்தும் வரைந்தும் பார்த்தார். கேச்சுவா என்னும் இன்கா மக்களின் மொழியைக் கற்றார். லாரிஸ் என்ற மலைக்கிராமத்தில் ஒரு பாதிரியாரிடம் ஒல்லாந்தாய் என்னும் கேச்சுவா நாடகத்தின் கையெழுத்துப் பிரதி இருப்பதை அறிந்து, அங்கே போய் உட்கார்ந்து முழுவதையும் கையால் படியெடுத்தார். பிற்காலத்தில் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், அந்த மொழிக்கு ஓர் இலக்கணமும் அகராதியும்கூட வெளியிட்டார்.

அப்பா இறந்த செய்தி வந்து அந்த ஆண்டே ஊர் திரும்பினார். கையில் காசு இல்லை. வரி அலுவலகத்தில் ஆண்டுக்கு 90 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தா வேலை! இன்காக்களின் கோட்டைகளைப் பார்த்துவிட்டு வந்து லெட்ஜர் எழுதுவது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆறு மாதத்தில் அதை விட்டு, இந்தியா சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துக்கு மாறினார். அங்கேதான் காய்ச்சல் விவகாரம் அவர் மேசைக்கு வந்தது.

அன்று மலேரியா கொசுவால் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் அதை செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல், மலைக்காய்ச்சல் என்று பெயர் வைத்து மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கேட்கும் ஒரே மருந்து சிங்கோனா மரப்பட்டை. 1820-ல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பட்டையிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்து கினின் என்று பெயர் வைத்தார்கள். கேச்சுவாவில் பட்டையைக் குறிக்கும் கினா என்ற சொல்தான் அதற்கு மூலம். அதுவே நம் ஆச்சிகள் வாயில் கொய்னா ஆனது. மரமோ ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் மட்டுமே வளர்ந்தது. பட்டை உரிப்பவர்கள் மரத்தையே வெட்டிச் சாய்த்துவிடுவார்கள், மறுபடி நடுவதில்லை. விலையோ ஏறிக்கொண்டே போனது. மார்க்கம் 1859-ல் அரசிடம் விண்ணப்பம் கொடுத்தார்: அந்த மலையும் மொழியும் எனக்குத் தெரியும், நானே போய்ச் செடியும் விதையும் கொண்டு வந்து இந்திய மலைகளில் நட ஏற்பாடு செய்கிறேன் என்று. அவர் தாவரவியல் படித்தவர் அல்ல. துணிந்து சம்மதித்துவிட்டார்கள்.

1859 டிசம்பரில் மனைவி மின்னாவையும், ஜான் வியர் என்ற தோட்டக்காரரையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். எக்வடார் காட்டில் செடி எடுக்க ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளரை ஏற்கனவே அங்கேயே பிடித்து ஏற்பாடு செய்திருந்தார். நடு பெருவுக்கு இன்னொருவர். உயர்ந்த ரகம் என்று அன்று கருதப்பட்ட மஞ்சள் பட்டை மரம் இருக்கும் தெற்குக் காட்டுக்குத் தானே போனார்.

1860 ஏப்ரலில் அந்தப் பனிமேட்டிலிருந்து கீழே இறங்கி, சாந்தியா என்ற சிற்றூர் வழியாகத் தாம்போபாத்தா பள்ளத்தாக்குக்குப் போனார்கள். இன்று சொகுசு விடுதிகள் இருப்பது ஆற்றின் கீழ்ப்பகுதியில். அவர்கள் போன மேல்பகுதியில் பாதையே கிடையாது. ஓயாத மழை, வழுக்கும் பாறை, இடுப்பளவு புதர், கொண்டு போன தானியமும் தீரப் போகிற நிலை. கூட வந்த மலைவாசிகள் கோக்கா இலையை மென்றபடி சளைக்காமல் சுமை தூக்கினார்கள். மார்க்கமும் மென்று பார்த்தார். பசியும் மூச்சிரைப்பும் குறைகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். நம்மவர் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொள்வது போல அவர்களுக்கு அது. செங்குத்தான சரிவுகளில் தொற்றி ஏறி, நானூறுக்கும் மேற்பட்ட சிங்கோனாக் கன்றுகளை வேரோடு எடுத்து, பாசி சுற்றிக் கட்டினார்கள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. மார்தேல் என்ற உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர், வெளிநாட்டுக்காரன் நம் மரத்தைக் கொண்டு போகிறான், இது போனால் நம் பிழைப்பும் போகும் என்று ஊர் ஊராகச் சொல்லி, கன்றுகளைப் பறிமுதல் செய்ய அதிகாரிகளைத் தூண்டினார். நியாயமான பயம்தானே? மார்க்கம் ஒரு தந்திரம் செய்தார். தோட்டக்காரர் வியரை ராஜபாட்டை வழியாக அனுப்பிவிட்டு, கன்று மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி, தான் ஆள் நடமாட்டமில்லாத மலைமுகடு வழியாகத் திசைகாட்டியை நம்பிக் கிளம்பினார். இரவில் உறைபனி. கன்றுகள் கருகாமல் இருக்க மூட்டைகளைக் கம்பளியால் போர்த்தினார்.

துறைமுகத்துக்கு வந்தால் சுங்க அதிகாரி விடவில்லை, தலைநகர் உத்தரவு வேண்டும் என்றார். லிமாவுக்குப் போய் உத்தரவு வாங்கி வந்தார். இதற்குள் கன்றுகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிகளில் துளை போட்டு வெந்நீர் ஊற்ற ஆள் பிடித்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் என்ன தெரியுமா? பூஜ்யம். பசிபிக் கடல் வழியாக நேராக சென்னைக்கு ஒரு கப்பல் தாருங்கள் என்று கெஞ்சினார், மேலிடம் மறுத்துவிட்டது. பனாமா, இங்கிலாந்து, எகிப்து என்று உலகத்தைச் சுற்றி வந்து செங்கடல் வெயிலில் கன்றுகள் வெந்தன. பம்பாயில் வேறு தாமதம். 1860 அக்டோபரில் கோழிக்கோட்டில் இறங்கி ஊட்டிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவற்றில் ஒன்றும் பிழைக்கவில்லை.

பிழைத்தது ஸ்புரூஸ் எடுத்தது. அவர் எக்வடாரில் சிம்போராசோ மலையடியில், முதுகும் காலும் செயலிழந்து படுத்த படுக்கையாகி, எழுந்து, மறுபடி காட்டுக்குப் போய்ச் சிவப்புப் பட்டை மரத்தின் விதை ஒரு லட்சமும் கன்றுகள் அறுநூறுக்கு மேலும் சேர்த்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் கன்றுகளைக் கண்ணுக்குக் கண்ணாகக் காத்து 1861 ஏப்ரலில் ஊட்டிக்குக் கொண்டு வந்தார். நானூற்றுச் சொச்சம் உயிரோடு இருந்தன. ஸ்புரூஸின் உடம்பு பிறகு தேறவே இல்லை. குவயாகில் நகரில் அவர் சேமிப்பைப் போட்டு வைத்திருந்த நிறுவனம் திவாலாகி அந்தப் பணமும் போயிற்று. அவருக்கு ஓய்வூதியம் வாங்கித் தர மார்க்கம் அரசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். முதலில் ஆண்டுக்கு 50 பவுண்டு, பல ஆண்டுகள் கழித்து இன்னொரு 50. நமக்கு அகவிலைப்படி தாமதமானாலே எத்தனை கூட்டம் போடுகிறோம்!

ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவரிடம் கன்றுகள் ஒப்படைக்கப்பட்டன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார். ஒன்றைப் பத்தாக்கும் கை அவருக்கு. மரத்தை வெட்டாமல் பட்டையை நீளவாக்கில் உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடினால் புதுப் பட்டை வளர்கிறது என்று செய்து காட்டினார். பெருவில் யாரும் செய்யாதது இது. சில ஆண்டுகளில் மரங்கள் லட்சக்கணக்கில் பெருகின. 1866-ல் சென்னை மாகாணம் ஒரு மருத்துவக் குழு வைத்து இந்தப் பட்டையின் சத்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது, காய்ச்சல் நின்றது. நடுவட்டத்தில் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டு வந்து வைத்திருந்த சிறை இன்றும் நிற்கிறது. நான் கூடலூரில் வேலை பார்த்த நாட்களில் ஊட்டி பஸ் நடுவட்டத்தில் நிற்கும்போது டீ குடிக்க இறங்குவேன். எதிரே சரிவில் தேயிலைக்கு நடுவே நெட்டையாக நின்ற சில மரங்களைக் காட்டி, அதுதான் கொய்னா மரம் என்று கடைக்காரர் சொன்னார். சின்னத் துண்டு பட்டையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். கூடலூர் வந்து சேரும் வரை வாய் கசந்தது. ஆச்சி சொன்னது சரிதான்.

இப்போது நான் உங்களிடம் கேட்க நினைப்பது இதுதான். மார்க்கம் செய்தது திருட்டா, தர்மமா? வணிகவியல் படித்தவன் புத்தி, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஏழைகளுக்கு மலிவாக மருந்து கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். அதைக் கடைசி வரை வலியுறுத்தினார். ஆனால் கினின் முதலில் போனது பட்டாளத்துக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும்தான். சாதாரண ஜனங்களுக்குச் சல்லிசாகக் கிடைக்க, 1892-ல் வங்காளத்தில் அஞ்சலகங்களில் காலணாப் பொட்டலம் விற்கத் தொடங்க வேண்டியிருந்தது. பிறகுதான் மற்ற மாகாணங்களுக்கும் அது வந்தது. கொய்னாவின் பலத்தில் வெள்ளைக்காரன் காட்டுக்குள்ளும் காலூன்றினான் என்பதையும் பற்றுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

இன்னொரு மனிதரையும் எழுத வேண்டும். பொலிவியாவில் மானுவல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர். எந்த மரத்தில் சத்து அதிகம் என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர். 1865-ல் அவர் சேகரித்த விதைகளை லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரி லண்டனுக்கு அனுப்பினார். ஆங்கில அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு எடை விதையைச் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் நட்டார்கள். நம் நீலகிரிப் பட்டையை விடப் பல மடங்கு சத்து! உலகக் கினின் வியாபாரமே ஜாவாவின் கைக்குப் போனது. மார்க்கத்துக்கு அரசு 3,000 பவுண்டு வெகுமதி தந்ததாகப் படிக்கிறோம். மமானிக்குக் கிடைத்தது பொலிவியச் சிறையும் அடியும். 1871-ல் அதிலேயே செத்துப் போனார். என் பேரேட்டில் இந்தக் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை.

மார்க்கம் நம் பக்கமும் வந்திருக்கிறார். முதல் வருகையிலேயே மதுரை வழியாகப் பழனி மலைக்குப் போய் சிங்கோனாவுக்கு இடம் பார்த்தார். 1865-66-ல் மறுபடி வந்து தோட்டங்களைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலிக் கடற்கரை முத்துக்குளிப்பைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். அன்று சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான். 1910-ல்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனோம். அப்போது இங்கே பட்டாசும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை, அச்சகமும் இல்லை. ஆனால் இன்கா மக்கள் தின்ற மிளகாய் மட்டும் போர்ச்சுகீசியர் புண்ணியத்தில் அவருக்கு முன்பே வந்து நம் கரிசலில் வேர் பிடித்துவிட்டது. சாத்தூர் வத்தலைப் பார்த்தாரா, தின்றாரா என்று அவர் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிங்கோனாவோடு அவர் நிற்கவில்லை. பிரேசில் காட்டு ரப்பரையும் கிழக்கே கொண்டு வரலாம் என்று முயன்றவர் அவர்தான். 1876-ல் விக்காம் என்பவர் கொண்டு வந்த சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. அதிலிருந்து மலேயாவில் ரப்பர்த் தோட்டங்கள், அந்தத் தோட்டங்களுக்கு நம் ஊர்களிலிருந்து கப்பல் கப்பலாகக் கூலிகள். உங்களில் யாருக்காவது மலேசியாவில் தூரத்துச் சொந்தம் இருந்தால், அந்த உறவுக்குப் பின்னால் மார்க்கத்தின் ஒரு கோப்பு இருக்கிறது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1867-68-ல் அபிசீனியப் படையெடுப்போடு போனார். வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார் என்று மேலதிகாரிகள் முகம் சுளிக்க, 1877-ல் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. 1893 முதல் 1905 வரை லண்டன் ராயல் புவியியல் சங்கத்தின் தலைவர். தென்துருவப் பயணத்துக்கு ஸ்காட் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தவரும் இவர்தான். அந்த ஸ்காட் 1912-ல் பனியில் மாண்டது கிழவருக்குப் பெரிய அடி.

இன்காக்களை மட்டும் அவர் விடவே இல்லை. 80 வயதில், 1910-ல், பெருவின் இன்காக்கள் என்று ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்கர் ஹிராம் பிங்காம் மச்சு பிச்சுவை உலகுக்கு அறிவித்தார். குஸ்கோவில் வாரக்கணக்கில் திரிந்தும் மார்க்கம் பார்க்காமல் போன இடம் அது. இன்று சொகுசு ரயிலுக்கு பிங்காமின் பெயர்தான்.

1916 ஜனவரி 29 இரவு, லண்டன் வீட்டில் படுக்கையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தார். படுக்கைத் துணியில் தீப்பற்றிக்கொண்டது. புகையில் மூச்சுத் திணறி மயங்கினார். மறுநாள் உயிர் போனது, வயது 85. ஆர்க்டிக் பனிக்கும் ஆண்டீஸ் உறைபனிக்கும் தப்பிய மனிதர். நெருப்பை விடப் புகைதான் முதலில் ஆளை விழுத்தும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1946-ல் லிமாவில் தொடங்கிய ஒரு பெரிய பள்ளிக்கு மார்க்கம் கல்லூரி என்று அந்த நாட்டில் பெயர் வைத்தார்கள். எந்த நாட்டு மரத்தை மறைத்துக் கொண்டு போனாரோ அதே நாடு.

நம் குடியிருப்பிலிருந்து அந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். லிமாவில் இறங்கியதும் அரசுக் கட்டிடத்திலோ நாணயத்திலோ பெரு நாட்டின் சின்னத்தை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் விகுன்யா என்ற மலை விலங்கு, கீழே காசு கொட்டும் கொம்பு, மறுபக்கம் ஒரு மரம். 1825-லிருந்து அங்கே நிற்கிறது. அது கொய்னா மரம். ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள்.